மனைக் கருத்தரங்கு: போகலாமா, வேண்டாமா?

மும்பையில் வாழும் நம்மவர் வீடுகளுக்குச் சில ஆண்டுகளாக ஒரு புது மாதிரி அழைப்பு வந்துகொண்டிருக்கிறது. "சொந்த மண்ணில் சொந்த மனை! இலவச முதலீட்டுக் கருத்தரங்கு!" செம்பூரிலோ, வாஷியிலோ, முலுண்டிலோ ஓர் ஓட்டல் மண்டபம். ஞாயிறு காலை பத்தரை மணிக்குத் தொடக்கம். மதியம் வாழை இலைச் சாப்பாடு. குலுக்கலில் ஒரு கிராம் தங்கக் காசு. கீழே சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை: தம்பதியாக வர வேண்டும்.

முன்பெல்லாம் இது தமிழ்க் கடைகளில் வைத்திருக்கும் துண்டுப் பிரசுரமாக வந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. பின்னாலேயே தொலைபேசியும் வருகிறது. "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா? நம்ம ஊர்க்காரங்களுக்காகவே நடத்துற நிகழ்ச்சி சார். மேடத்தையும் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க." நாள் முழுக்க இந்தியும் மராத்தியும் கேட்ட காதுக்கு இந்தப் பேச்சு தேனாக இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நான் டோம்பிவிலியில் முப்பத்தொரு வருடங்களாக இருப்பவன். அடுத்த மார்ச் மாதம் பணி ஓய்வு. வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் சேர்ந்து வரும் தொகைதான் என் வாழ்நாளில் ஒரே தடவையாக நான் பார்க்கப்போகும் பெரிய பணம். மறுபடி சம்பாதித்து ஈடுகட்ட வயதில்லை. என் மனைவிக்கோ மதுராந்தகம் பக்கம் ஒரு சின்ன மனை வாங்கி, இரண்டு அறை கட்டி, ஏரிக் காற்று வாங்க வேண்டும் என்று இருபது வருட ஆசை. அதனால் ஒரே மாதத்தில் இரண்டு அழைப்புகள் வந்தபோது போவதா வேண்டாமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் விளையாட்டாக இருக்கவில்லை. நாங்கள் யோசித்த விதம் உங்களில் பலருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

ஏன் நம்மைத் தேடி வருகிறார்கள்?

மதுராந்தகத்தில் இருப்பவருக்கு மதுராந்தகத்து மனையை விற்பது கடினம். அந்த நிலம் யாருடையது, மழையில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும், பக்கத்துச் சர்வே எண்ணில் என்ன தகராறு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. ஊரை விட்டு வந்தபோது இருந்த விலைதான் நம் நினைவில் நிற்கிறது. மும்பையில் சதுர அடி முப்பதாயிரம் ரூபாய் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றால் இலவசமாகத் தருவதுபோல் தோன்றுகிறது. அந்த ஆயிரத்து ஐந்நூறு அந்த இடத்துக்கு நியாயமான விலைதானா என்று கேட்கத் தோன்றுவதில்லை.

இன்னொன்று, மனதுக்குள் இருக்கும் ஏக்கம். ஊரில் ஒரு பிடி மண் நமக்கென்று வேண்டும் என்ற எண்ணம் நம்மில் யாருக்குத்தான் இல்லை? அதில் தவறும் இல்லை. விற்பவர் அதை நம்மைவிட நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார் என்பதை மட்டும் நாம் மறக்கக் கூடாது.

மூன்று வகைக் கருத்தரங்குகள்

கருத்தரங்கு என்ற ஒரே பெயரில் மூன்று விதமான கூட்டங்கள் நடக்கின்றன.

முதல் வகை, மனை போட்டு விற்கும் நிறுவனமோ அதன் முகவரோ நடத்துவது. இது விற்பனைக் கூட்டம். அதை மறைக்காதவரை இதில் குற்றமில்லை. நல்ல நிறுவனங்களும் இப்படித்தான் விற்கின்றன.

இரண்டாம் வகை, "சொத்தில் முதலீடு செய்யக் கற்றுத் தருகிறோம்" என்பது. முதல் இரண்டு மணி நேரம் இலவசம். அதன் முடிவில் பல ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தில் ஒரு பயிற்சி வகுப்பைப் பற்றிச் சொல்வார்கள். இங்கே விற்கப்படும் சரக்கு அந்த வகுப்புதான், மனை அல்ல.

மூன்றாம் வகைதான் அபாயமானது. "நிலம் எங்கே என்று நீங்கள் பார்க்கவே வேண்டாம். பணம் போடுங்கள், மாதாமாதம் இவ்வளவு தருகிறோம், இத்தனை வருடத்தில் இரட்டிப்பு" என்பார்கள். தொண்ணூறுகளில் தேக்கு மரத் திட்டங்கள் இப்படித்தான் வந்தன. அவற்றில் பல 1998 வாக்கில் கவிழ்ந்தன. 1999-ல் செபி இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிமுறை வகுத்தது. அதற்குப் பிறகும் விவசாய நிலம் வாங்கித் தருவதாகச் சொல்லி பி.ஏ.சி.எல். நிறுவனம் நாடு முழுவதும் சுமார் 5.85 கோடிப் பேரிடம் 49,100 கோடி ரூபாய் திரட்டியிருந்தது. அதைத் திருப்பித் தரச் சொல்லி 2014 ஆகஸ்டில் செபி உத்தரவிட்டது. 2016-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைத்துப் பணத்தைத் திருப்பும் வேலையை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. எந்தச் சர்வே எண், யார் பெயரில் பத்திரம் என்று சொல்லாமல் லாபத்தை மட்டும் சொல்கிற கூட்டத்துக்குப் போகவே வேண்டாம் என்பது என் திடமான கருத்து. சாப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

தொலைபேசியிலேயே கேளுங்கள்

போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க மண்டபம் வரை போக வேண்டிய அவசியமே இல்லை. அழைக்கும் அந்தத் தம்பியிடமோ தங்கையிடமோ நாலு கேள்வி கேட்டால் போதும்.

ஒன்று: "உங்கள் திட்டத்தின் ரெரா பதிவு எண் என்ன?" 2016-ல் இயற்றப்பட்டு 2017 மே முதல் தேதியிலிருந்து முழுமையாக நடைமுறைக்கு வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவையோ எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட அடுக்ககத்தையோ ஆணையத்தில் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது. விளம்பரம் செய்யவோ, வாங்க வாருங்கள் என்று அழைக்கவோகூடக் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் இருக்க வேண்டும். கூட்டம் மும்பையில் நடந்தாலும், மனை தமிழ்நாட்டில் என்றால் தமிழ்நாடு ஆணையத்தின் எண்தான் வேண்டும். மகாராஷ்டிர எண்ணைக் காட்டி ஒப்பேற்ற முடியாது. விற்பவர் முகவர் என்றால் அவருக்கும் தனியாகப் பதிவு வேண்டும்.

இரண்டு: "மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் யார் கொடுத்தது?" நகர் ஊரமைப்பு இயக்ககமோ, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமோ தந்த எண் வேண்டும். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்பது பதில் ஆகாது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்ததும், இடையில் சிக்கி எத்தனையோ குடும்பங்கள் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் தவித்ததும் நினைவிருக்கலாம்.

மூன்று: "கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் சொல்லுங்கள்." இது தெரிந்தால் தமிழ்நாடு பதிவுத் துறையின் இணையதளத்தில் நம் வீட்டிலிருந்தே வில்லங்க விவரம் பார்க்கலாம். வருவாய்த் துறை தளத்தில் பட்டா யார் பெயரில் என்றும், நிலம் புறம்போக்கா என்றும் பார்க்கலாம். அன்று ஊருக்குப் போய் ஒரு வாரம் அலைந்து செய்த வேலையை இன்று ஒரு மாலைப் பொழுதில் செய்துவிட முடிகிறது.

நான்கு: "பணம் யாருக்கு, எப்படிக் கட்ட வேண்டும்?" பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க ரெரா சட்டம் அனுமதிக்கவில்லை. சொத்துக்காக இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. "பாதி கேஷ் கொடுத்துடுங்க" என்ற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எங்களுக்கு வந்த முதல் அழைப்பில் இரண்டாவது கேள்வி வரைகூடப் போகவில்லை. "எண் எல்லாம் ஹால்ல வச்சுத் தருவாங்க சார், நீங்க வாங்க" என்றார்கள். "எண்ணை அனுப்புங்கள், வருகிறோம்" என்றேன். பிறகு அழைப்பே இல்லை. இரண்டாவது நிறுவனத்துக்காரர் அரை மணி நேரத்தில் நாலு விவரங்களையும் அனுப்பி வைத்தார். ஆணையத்தின் தளத்தில் தேடினேன். திட்டம் இருந்தது. வரைபடமும் இருந்தது. சரி, போய் வரலாம் என்று முடிவு செய்தோம்.

பன்வேல் சொல்லும் பாடம்

இந்த அழைப்புகளில் தவறாமல் வரும் வாசகம், "வரவிருக்கும் விமான நிலையத்துக்கு மிக அருகில்" என்பது. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூரைத் தேர்ந்தெடுத்திருப்பதாக 2022-ல் அறிவிப்பு வந்தது முதல் அந்த வட்டாரத்தில் இந்த வாசகம் இல்லாத மனை விளம்பரமே இல்லை எனலாம். ஏகனாபுரம் மக்கள் நிலம் தர மறுத்துப் போராடி வந்ததை விளம்பரம் சொல்லாது. மனை இருக்கும் சர்வே எண்ணே நில எடுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மும்பைக்காரர்களுக்கு இது புதிதல்ல. நவி மும்பை விமான நிலையத்தின் பெயரைச் சொல்லிப் பன்வேல் சுற்று வட்டாரத்தில் எத்தனை வருடம் மனை விற்றார்கள்! அடிக்கல் நாட்டியது 2018 பிப்ரவரியில். திறப்பு விழா 2025 அக்டோபரில். விமான நிலையம் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் இருபது வருடம் முன்பே "அடுத்த மூன்று வருடத்தில்" என்று கேட்டு வாங்கியவர் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. இளைஞன் காத்திருக்கலாம். அறுபது வயதில் வாங்குகிறவன் யாருக்காகக் காத்திருப்பது?

கர்ஜத், நேரல் பக்கம் "பண்ணை வீட்டு மனை" என்று அழைத்தாலும் ஒரு எச்சரிக்கை. மகாராஷ்டிரத்தில் விவசாயி அல்லாதவர் அனுமதியில்லாமல் விவசாய நிலம் வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை. "சாத் பாரா" எனப்படும் 7/12 ஆவணத்தையும், விவசாயம் அல்லாத பயன்பாட்டுக்கு நிலம் மாற்றப்பட்டதற்கான ஆவணத்தையும் கையில் வாங்கிப் பார்க்காமல் பேச்சே வேண்டாம்.

இரட்டிப்புக் கணக்கு

"ஐந்து வருடத்தில் டபுள்" என்கிறார்களே, அதை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. சதுர அடி 1,500 ரூபாய் வீதம் 18 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1.62 லட்சம். கைவிட்டுப் போவது 19.62 லட்சம்.

அவர்கள் சொன்னபடியே ஐந்து வருடத்தில் 36 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். தரகு 2 சதவீதம், 72 ஆயிரம். 2024 ஜூலை 23-க்குப் பிறகு வாங்கும் நிலத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், அதன் மேல் 4 சதவீதக் கூடுதல் வரி. சுமார் 2.04 லட்சம் போகும். கைக்கு வருவது 33.24 லட்சம். ஆண்டுக்குக் கூட்டு வட்டியாகப் பார்த்தால் 11 சதவீதம். நல்ல வருமானம்தான், அவர்கள் சொன்னபடி நடந்தால்.

நடக்காமல், விலை ஆண்டுக்கு 5 சதவீதம் மட்டுமே ஏறினால்? விற்பனை விலை சுமார் 22.97 லட்சம். தரகும் வரியும் போகக் கையில் 22.14 லட்சம். ஆண்டுக்கு இரண்டரை சதவீதம்கூட இல்லை. அதே 19.62 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால், வட்டிக்கு உரிய வரியைக் கழிக்குமுன், 27.5 லட்சம் ஆகியிருக்கும். வேலி, காலிமனை வரி, வருடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்து வரும் ரயில் செலவு எதையும் நான் சேர்க்கவில்லை.

இந்தக் கணக்கை என் மனைவியிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "விக்கிறதுக்கா வாங்கச் சொன்னேன்? இருக்கிறதுக்குத்தானே சொன்னேன்" என்றாள். நியாயமான பேச்சு. அப்போதுதான் எங்களுக்குள் ஒரு தெளிவு பிறந்தது. குடியிருக்க வாங்குகிறவர் கேட்க வேண்டியது தண்ணீர், ஆஸ்பத்திரி, பஸ், அக்கம் பக்கம். லாபத்துக்கு வாங்குகிறவர் கேட்க வேண்டியது அவசரத்தில் விற்க முடியுமா என்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டு போகிறவரைத்தான் மேடையில் பேசுகிறவர் எளிதில் வளைத்துவிடுகிறார்.

பக்கத்துக் கட்டடத்துப் பத்திரம்

எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய கணவர் ஆலையில் வேலை பார்த்தவர். 1994-ல் இதே மாதிரி ஒரு கூட்டத்துக்குப் போய்த் தாம்பரத்தைத் தாண்டி ஒரு கிரவுண்டு வாங்கினார். பத்திரம் ஒழுங்காகப் பதிவானது. பத்திரத்தை லாமினேட் செய்து பெட்டியில் வைத்தார். பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றவில்லை. வேலி போடவில்லை. வரி கட்டவில்லை. மும்பையிலிருந்து போய் யார் அலைவது?

அவர் காலமான பிறகு, மகள் கல்யாணத்துக்காக விற்கலாம் என்று அந்த அம்மா வில்லங்கம் எடுத்துப் பார்த்தார். பழைய நிலச்சொந்தக்காரரின் வாரிசுகள், பட்டா தங்கள் பெயரில் இருந்ததை வைத்து அதே இடத்தை 2006-ல் வேறொருவருக்கு விற்றிருந்தார்கள். அவர் அங்கே வீடும் கட்டிவிட்டார். முதலில் பதிவானது இவர்கள் பத்திரம் என்பதால் சட்டம் இவர்கள் பக்கம் என்கிறார் வக்கீல். ஆனால் வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா செங்கல்பட்டுக்கு ரயில் ஏறுகிறார் அந்த அம்மா. மகள் கல்யாணம் கடன் வாங்கித்தான் நடந்தது.

அந்தக் காகிதங்களை ஒரு நாள் அவர் என்னிடம் காட்டினார். "அவர் நல்லதுக்குத்தான் தம்பி வாங்கினாரு" என்று மட்டும் சொன்னார். கருத்தரங்கில் யாரும் சொல்லாத விஷயம் இதுதான்: பதிவு அலுவலகத்திலிருந்து வெளியே வரும்போது வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. பட்டா மாற்றம், எல்லைக் கல், வேலி, ஆண்டுக்கு ஒரு முறை வில்லங்கம் பார்ப்பது ஆகிய மீதி வேலைகளுக்கு ஊரில் ஆள் இருக்கிறதா என்று முதலில் யோசிக்க வேண்டும்.

மண்டபத்துக்குள்

போவதென்று முடிவானபின் எங்களுக்குள் மூன்று விதிகள் போட்டுக்கொண்டோம். காசோலைப் புத்தகமும் வங்கி அட்டையும் வீட்டிலேயே இருக்கும். கைப்பேசியில் பணம் அனுப்பும் வசதியை அன்றைக்கு யாரும் தொடுவதில்லை. எதிலும் கையெழுத்து இல்லை, வருகைப் பதிவேட்டைத் தவிர.

மண்டபம் நிறைந்திருந்தது. பேசியவர் நன்றாகப் பேசினார். வரைபடம் காட்டினார்கள். யாராவது முன்பதிவு செய்தால் ஒரு மணி அடிக்கும், எல்லோரும் கை தட்டுவார்கள். மூன்றாவது மணிக்கே பக்கத்தில் இருந்தவர்கள் நெளிய ஆரம்பித்தார்கள். "இன்று மாலை ஐந்து மணி வரை மட்டும் சதுர அடிக்கு நூறு ரூபாய் தள்ளுபடி" என்ற அறிவிப்பு வந்ததும் இரண்டு பேர் எழுந்து போனார்கள். நிலம் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. இன்று தருகிற தள்ளுபடியைப் பத்து நாள் கழித்தும் தர முடியும்.

கேள்வி நேரத்தில் என் மனைவி எழுந்து, "தண்ணி எங்கேருந்து வருது? எத்தனை அடியில வருது?" என்று கேட்டாள். பேசியவர் ஒரு கணம் தயங்கி, விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். மறைக்காமல் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தாய்ப்பத்திரம், அங்கீகார வரைபடம், பட்டா, மாதிரி விற்பனை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல் கேட்டோம். கொடுத்தார்கள். சொன்ன வாக்குறுதிகள் உள்ள விளம்பரத் தாளையும் பத்திரப்படுத்தினேன். விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து, அது பொய்யாகி நஷ்டப்பட்டால் ஈடு கேட்கவும், விலகிக்கொள்ள விரும்பினால் வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெறவும் ரெரா சட்டம் வழி செய்கிறது. அதற்கு அந்தத் தாள் வேண்டும்.

சாப்பிட்டுவிட்டு வந்தோம். நகல்கள் இப்போது மதுராந்தகத்தில் ஒரு வக்கீலிடம் இருக்கின்றன. என் மைத்துனர் இடத்தை இரண்டு தடவை பார்த்து வந்தார். ஒரு தடவை வேண்டுமென்றே மழைக்கு மறுநாள் போனார். வாங்குவதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. வாங்கினாலும் ஓய்வுப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதில் போடுவதில்லை என்பது மட்டும் முடிவாகிவிட்டது.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை

கருத்தரங்குக்குப் போவதில் தவறில்லை. நாலு கேள்விக்கும் பதில் வந்தால் போகலாம். வெறும் கையோடு போய், காகிதங்களோடு திரும்பலாம். பதில் வராவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பேரக் குழந்தைகளோடு கழிக்கலாம்.

நம் உறுப்பினர்களில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், சர்வே துறையில் பணியாற்றியவர்களும் இருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை சங்க அறையில் இரண்டு மணி நேரம் அவர்கள் உட்கார்ந்து, மனை வாங்க நினைக்கும் உறுப்பினர்களின் காகிதங்களைப் பார்த்துச் சொன்னால் எத்தனை குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும்! இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கத் தெரியாத பெரியவர்களுக்கு நம் இளைஞர்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக் கொடுக்கலாம். செயற்குழு இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் சனிக்கிழமை தேநீர்ச் செலவு என்னுடையது.